ஆயிரத்துக்கு ஐந்து

ஜனவரி 8, திங்கள்

எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பேனாவைத் தொட்டதெல்லாம் கையெழுத்துப் போடவும், மூட்டையில் நம்பர் குறிக்கவும்தான்.

காலையில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் லாண்டரிக்கு வருகிற துணியில் முக்கால் பங்கு அவர்களுடையது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டர் துணி எல்லாவற்றையும் பதினொரு வருஷமாக நாங்கள்தான் வெளுத்துக் கொடுக்கிறோம். புதிதாக வந்திருக்கும் நர்சிங் கண்காணிப்பாளர் ஜெசிந்தா சிஸ்டர் மேஜைமேல் ஒரு விரிப்பை விரித்துக் காட்டினார். நடுவில் நாலைந்து இடத்தில் பழுப்புக் கறை. டீ சிந்திக் காய்ந்தது போல இருந்தது.

"ஆயிரம் விரிப்புக்கு நாற்பத்து மூணு இப்படி வருது மேடம். இதுக்கு முன்னாடி படுத்திருந்தவரோட ரத்தம்னு நோயாளி வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க."

"திரும்ப வெளுத்துக் குடுத்தர்றனுங்க."

"திரும்ப வெளுத்தாலும் போகலையே. மார்ச் முடியிற வரைக்கும் பாப்போம். ஆயிரத்துக்கு அஞ்சுக்கு மேல போகக் கூடாது. போச்சுன்னா கோயமுத்தூர் கம்பெனிக்குக் குடுத்திடுறதுன்னு மேல பேசியிருக்காங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "தினமும் என்ன தப்பாச்சு, என்ன மாத்துனீங்கன்னு எழுதி வைங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு மாத்துனாப் போதும்."

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. என்னிடம் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். அதில் பாதிப் பேர் இனிமேல் வேறு இடத்தில் போய் வேலை கேட்கிற வயசில் இல்லை. நானும் இல்லை. ஐம்பது நடக்கிறது.

ஜனவரி 10, புதன்

அழுக்குத் துணி வருகிற வாசலும் வெளுத்த துணி போகிற வாசலும் ஒன்றாக இருப்பது தப்பு என்று சிஸ்டர் சொன்னார். பின்பக்கச் சுவரை இடித்துத் தனியாக வாசல் வைக்க ஆள் பிடித்தேன். நாள் முழுக்கப் புழுதி. மடிப்பு மேஜையில் பத்தொன்பது வருஷமாக நிற்கும் பழனாத்தாள், அதாவது நான் வேறு ஒருவரிடம் கூலிக்கு இருந்த காலத்திலிருந்தே கூட இருப்பவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "செவுத்தத் தட்டுனா கறை போயிருமா அம்மிணி" என்றாள்.

மருந்தைக் கொஞ்சம் கூட்டி ஊற்றினேன். ப்ளீச்சிங் திரவத்தை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். அந்த அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். ஆளாளுக்கு ஊற்றி ஒரு முறை நூறு விரிப்பு நைந்து போனதிலிருந்து எல்லா மெஷினுக்கும் நானேதான் ஊற்றுகிறேன். அளவுக் குடுவை எனக்குத் தேவையில்லை. கையே சொல்லிவிடும்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஆஸ்பத்திரிக்குப் பொங்கல் கிடையாது. ஆறு மூட்டை வந்தது.

ஜனவரி 17, புதன்

போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன். இரும்புச் சத்து அதிகமாம். வடிகட்டும் தொட்டி ஒன்று வாங்கி வைத்தோம். இனிக் கறை வராது.

கை எரிகிறது. விரல் இடுக்கில் தோல் உரிகிறது. தேங்காயெண்ணெய் போட்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

கறை வந்திருக்கிறது. இந்த வாரம் ஆயிரத்துக்கு நாற்பத்தாறு.

இதற்கு நடுவில் வளர்மதி ஒரு பிரச்சினை செய்தாள். மெஷின் பக்கம் வேலை செய்கிற பெண். பன்னிரண்டாவது வரை படித்தவள். நான் மூன்றாவது மெஷினில் மருந்து ஊற்றும்போது எல்லார் முன்னாலும், "அக்கா, ஊத்த ஊத்தத்தான் கறை கூடற மாதிரி எனக்குத் தோணுதுங்க. டப்பாவுல அளவு போட்டிருக்குதுங்க, ஒரு தடவ அந்த அளவுக்கு ஊத்திப் பாக்கலாமுங்களா" என்றாள். நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

வளர்மதி வரவில்லை. நாலு நாளாயிற்று. அவளாக நின்றுவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தாங்குவதில்லை.

இன்றைய மாற்றம்: சுவரில் ஒரு பெட்டி மாட்டினேன். யார் வேண்டுமானாலும் யோசனை எழுதிப் போடலாம். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாயால் சொல்லலாம். எல்லாரையும் நிற்க வைத்து அறிவித்தேன். தலையை ஆட்டினார்கள்.

ஜனவரி 30, செவ்வாய்

பெட்டியைத் திறந்தேன். ஒரு பான்பராக் உறை இருந்தது. வேறொன்றும் இல்லை. இவர்களுக்கு யோசனையே கிடையாது. எல்லாவற்றையும் நான் ஒருத்திதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மாற்றிய வரையில்: வாசல், தண்ணீர்த் தொட்டி, சிவப்பு நீலம் என்று தனித்தனிப் பைகள், தள்ளுவண்டிக்கு ரப்பர் சக்கரம், கை கழுவும் இடம், தலைக்குத் தொப்பி. தொப்பி போட்டால் அரிக்கிறது என்கிறார்கள். எனக்கும் அரிக்கிறது.

பிப்ரவரி 5, திங்கள்

ஐம்பத்தொன்று.

பிப்ரவரி 7, புதன்

பழைய மெஷினின் டிரம்மில்தான் துருப்பிடித்திருக்க வேண்டும். வேறு காரணமே இல்லை. புது டிரம் மாற்றினோம். ஆபரேட்டர் திருமூர்த்தி கழற்றிய டிரம்மைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு என்னமோ சொல்ல வந்தான். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லீங்கக்கா" என்றான். முப்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை, வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோலத்தான் எப்போதும் பேசுவான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

என் தங்கச்சி மகளுக்குக் காங்கேயத்தில் கல்யாணச் சீர். நேற்றும் இன்றும் போக வேண்டியதாயிற்று. சாவியைத் திருமூர்த்தியிடம் கொடுத்தேன். டப்பாவில் போட்டிருக்கிறபடி ஊற்றினால் போதும், நீயாக எதுவும் கூட்டிக் குறைக்காதே என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனேன். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் மூன்று தடவை போன் செய்தேன். பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாள் சிரித்தாள்.

வீட்டுக்காரர் வண்டி ஓட்டிக்கொண்டே, "ரெண்டு நாளைக்கு அவனுங்களே பாத்துக்குவானுங்க, கண்ண மூடு சாந்தா" என்றார். அவர்தான் எங்கள் வேனையும் ஓட்டுகிறார். ஆஸ்பத்திரிக்குத் துணி கொண்டுபோய்க் கொடுத்து, கழிவாகித் திரும்புகிறதை வாங்கி வருவதும் அவர்தான். அதிகம் பேசமாட்டார். கண்ணை மூடினேன், தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 14, புதன்

சனி, ஞாயிறு வெளுத்த துணியில் திரும்பியது ஆயிரத்துக்கு ஒன்பதுதான்! புது டிரம் வேலை செய்கிறது. ஜெசிந்தா சிஸ்டருக்குப் போனில் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார். எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். பழனாத்தாள் மட்டும் வாங்கி மேஜையில் வைத்துவிட்டு மடிப்பதைத் தொடர்ந்தாள்.

பிப்ரவரி 19, திங்கள்

நாற்பத்தேழு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிப்ரவரி 21, புதன்

சிஸ்டர் நேரில் வந்து பார்த்தார். வாசலைப் பாராட்டினார். பைகளைப் பாராட்டினார். "ஆறு வாரத்துல இவ்வளவு மாத்தியிருக்கீங்களே" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு ஆட்களிடம் போய், கறை எதனால் வருகிறது என்று நினைக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

வண்டியில் ஏறும்போது சிஸ்டர் கேட்டார். "உங்க ஆளுங்க ஏன் மேடம் பேசவே மாட்டேங்கறாங்க?"

"பேசத் தெரியாதுங்க சிஸ்டர். பாவம்."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். வெயில் கண்ணில் அடித்ததோ என்னவோ.

பிப்ரவரி 28, புதன்

இன்று எதையும் மாற்றவில்லை. மாற்ற என்ன மிச்சமிருக்கிறது? சோப்புத் தூளை மாற்றியாயிற்று, உலர்த்தும் சூட்டை மாற்றியாயிற்று, இஸ்திரி உருளைக்குத் துணி மாற்றியாயிற்று. எதை மாற்றினாலும் அது ஒரு புது வேலையைக் கொண்டுவருகிறது. ரப்பர் சக்கரம் ஈரத்தில் வழுக்கி ஒருத்தி விழுந்தாள். இரண்டு வாசல் வைத்ததால் ஒரு ஆள் கூடுதலாக வேண்டியிருக்கிறது. மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறேன். கண் எரிகிறது, மூக்கு ஒழுகுகிறது. கையில் உறை போட்டாலும் உள்ளே வெந்து கிடக்கிறது.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் என் கையைப் பார்த்து, "அந்த ஊத்தற வேலைய வேற யாருகிட்டயாச்சும் குடேன்" என்றார்.

"குடுத்தா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதுங்க."

"எனக்கென்ன தெரியும். நான் டிரைவர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

மார்ச் 5, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மடிப்பு மேஜை தாழ்வாக இருக்கிறது, அதை எடுத்துவிட்டு எஃகு மேஜை போடலாம் என்று முடிவு செய்தேன். பதினொரு மணிக்கு ஆட்கள் வந்து மேஜையைத் தூக்கப் போனார்கள். பழனாத்தாள் நகரவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்கோ பழனாத்தா."

"தள்ளமாட்டன்."

அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

"இந்த மேசையில என்ன அம்மிணி கறை இருக்குது? தொடச்சுப் பாரு. செவுத்த மாத்துன. தண்ணிய மாத்துன. சோப்ப மாத்துன. எந் தலையில தொப்பிய மாட்டுன. எல்லாத்தையும் மாத்திப்போட்டு, நீ ஊத்தறத மட்டும் மாத்தலியே."

திருமூர்த்தி ஓடிப் போய் மெஷினை நிறுத்தினான். அவ்வளவு பெரிய கூடத்தில் தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன சொல்றே நீ?"

"நீ சீருக்குப் போன ரெண்டு நாளு கறை வந்துச்சா? ஒம்போதுன்னு மிட்டாய் குடுத்தியே. அப்ப ஊத்துனது யாரு? போன வருசம் உனக்குக் காச்ச வந்து மூணு நாளு படுத்திருந்தியே, அப்பவும் இல்ல. மடிக்கறவளுக்குத் தெரியாதா எந்தத் துணி எப்ப வந்ததுன்னு? அந்தப் புள்ள சொன்னதுக்கு நீ கேட்ட கேள்வி இருக்குதே. அதுக்கப்பறம் இங்க எவ வாயத் தொறப்பா?"

நான் திருமூர்த்தியைப் பார்த்தேன். அவன் மறுக்கவில்லை. அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்த்தேன். யாரும் மறுக்கவில்லை. பதினான்கு பேருக்கும், இல்லை, இப்போது பதின்மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

மேஜையை அங்கேயே விடச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேனில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கும் தெரியுமா?" என்று கேட்டேன். ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே, "பழனாத்தா போன மாசம் சொன்னா" என்றார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவர் துடைத்த துணியை மடித்து வைத்தார். காரணத்தை அவர் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கே தெரிந்தது.

மார்ச் 6, புதன்

லாண்டரிக்குப் போகவில்லை. தலைவலி.

மார்ச் 8, வெள்ளி

திருமூர்த்தியிடம் சாவியைக் கொடுத்து, ஆபரேஷன் வார்டுத் துணியில் மூன்று கூறு பிரித்துத் துவைக்கச் சொன்னேன். ஒன்றுக்கு என் கை அளவு. ஒன்றுக்கு டப்பாவில் போட்டிருக்கும் அளவு. ஒன்றுக்கு மருந்தே இல்லை. என் அளவில் போட்டதில் கறை, எண்ணிப் பார்க்கவே வேண்டாம், கண்ணில் அடித்தது. டப்பா அளவில் ஒன்றிரண்டு. மருந்தே போடாததில் ஒன்றுகூட இல்லை. ரத்தக் கறையே சோப்பில் போய்விட்டது.

சிஸ்டருக்குப் போன் செய்தேன். எங்கள் மருந்து பட்டால் மட்டும் பழுப்பாகிற ஏதோ ஒன்று துணியோடு வருகிறது என்று தோன்றியது. நோயாளியின் உடம்பில் எதைத் தடவுகிறீர்கள் என்று கேட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பைத் துடைக்கிற மருந்தை நவம்பரிலிருந்து மாற்றியிருக்கிறார்களாம். அவர் அங்கேயே யாரிடமோ விசாரித்துவிட்டு மதியம் திரும்பக் கூப்பிட்டார். அந்த மருந்து பருத்தித் துணியில் ஒட்டிக்கொள்ளுமாம், கண்ணுக்குத் தெரியாதாம். அதன்மேல் குளோரின், அதாவது நாங்கள் ஊற்றுகிற ப்ளீச், பட்டால் பழுப்பாகிவிடுமாம். ஆனபிறகு எதற்கும் போகாதாம்.

"இதை நாங்களும் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும் மேடம். ஒரு மருந்தை மாத்துனா அது துணி வரைக்கும் போகும்னு யாருக்கும் தோணலை" என்றார். நல்ல மனுஷி.

ஆனால் போன வருஷம் நான் காய்ச்சலில் கிடந்ததும் நவம்பரில்தான். அப்போதே ஒருவர் வாய் திறந்திருந்தால் முடிந்திருக்கும். திறந்த ஒருத்தியை நான் என்ன செய்தேன்?

கறை வந்ததென்று மருந்தைக் கூட்டினேன். கூட்டியதால் கறை வந்தது. இரண்டு மாதம்.

மார்ச் 11, திங்கள்

காலையில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். பேச நினைத்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "தப்பு என் கையில இருந்திருக்குது. உங்களையெல்லாம் போட்டு அலைக்கழிச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னேன். ஒருத்தி செருப்பைத் தரையில் தேய்த்தாள்.

பழனாத்தாள்தான், "செரி, துணி கெடக்குது" என்றாள். எல்லாரும் கலைந்தார்கள்.

குளோரினை நிறுத்திவிட்டோம். பெராக்சைடு வகை மருந்து வருகிறது. திருமூர்த்தி அளந்து ஊற்றுகிறான். அறைக்குப் பூட்டில்லை. அவன் குனிந்து அளவுக்கோட்டைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரத்தது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

பவானிக்குப் போய் வளர்மதி வீட்டைத் தேடிப் பிடித்தேன். துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவள் மட்டும் உட்காரவில்லை.

நீ சொன்னதுதான் சரி என்று சொன்னேன். மூன்று கூறு போட்டுப் பார்த்ததைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டாள். எந்த வார்டுத் துணி, எவ்வளவு சூடு என்றெல்லாம் விசாரித்தாள். இந்தப் பெண்ணை நான் என்னவாக ஆக்கியிருக்கலாம் என்று நினைத்தேன்.

"திரும்பி வா. மெஷின் பக்கம் முழுக்க நீயே பாத்துக்க."

"கோவமெல்லாம் இல்லீங்கக்கா. ஆனா வரலீங்க. நூல் மில்லுல குவாலிட்டி செக்சன்ல எடுத்திருக்காங்க. அங்க தப்பக் கண்டுபுடிச்சாத்தானுங்க வேல."

"நான் பேசினது..."

"பொணம் போத்துன துணியத் தொவைக்க வந்தவளுக்குப் படிச்ச திமிரான்னு கேட்டீங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒரு துணியை உதறிக் கொடியில் போட்டாள். "எங்கம்மாகிட்ட ஆஸ்பத்திரி வேலைன்னுதானுங்க சொல்லி வச்சிருந்தேன். அன்னிக்குத்தான் எனக்கே நான் என்ன வேல செய்யறன்னு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

காபி கொடுத்தாள். குடித்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஏப்ரல் 1, திங்கள்

மார்ச் கடைசி இரண்டு வாரமும் ஆயிரத்துக்கு நான்கு.

ஆஸ்பத்திரியில் துணி எங்களுக்கே என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுத் துணி மட்டும் கோயமுத்தூர்க் கம்பெனிக்குப் போகிறது. அது போன மாதமே கையெழுத்தாகிவிட்டதாம். சிஸ்டர் வருத்தப்பட்டார். யாரையும் நிறுத்தாமல் சமாளிக்க முடியும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது.

கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். ஜூலையிலிருந்து ஒவ்வொரு விரிப்பிலும் ஸ்கேன் பண்ணுகிற பட்டை தைக்க வேண்டுமாம். எத்தனை தடவை துவைத்தது என்பது கம்ப்யூட்டரில் தெரிய வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து வேனில் ஏறி, தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டேன்.

"என்னாச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"முடியறதில்லைங்க இது. ஒண்ண முடிச்சா ஒண்ணு."

"முடிஞ்சா லாண்டரியவே மூடிர வேண்டீதுதானே" என்றார். பத்து நாளில் அவர் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

ஏப்ரல் 4, வியாழன்

கோடையில் கூடம் கொதிக்கிறது. அதனால் வேலையை அதிகாலை நான்கு மணிக்கே ஆரம்பித்து மதியத்தோடு முடித்துவிடலாம் என்று ஒரு திட்டம் போட்டிருந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தது. யார் எப்போது, எந்த மெஷின் எப்போது என்று தாளில் கட்டம் போட்டுக்கூட வைத்திருந்தேன். காலையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். நல்ல திட்டம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

படித்து முடித்ததும் திருமூர்த்தி தொண்டையைச் செருமினான்.

"அக்கா, அது சரிப்பட்டு வராதுங்க."

பழைய பேச்சு வாய் வரைக்கும் வந்துவிட்டது. எல்லார் கண்ணும் என் முகத்தில்தான் இருந்தது. இஸ்திரி உருளைப் பக்கம் நின்ற ஒருத்தி அரையடி பின்னால் நகர்ந்ததைக்கூடப் பார்த்தேன்.

"ஏன்?" என்று கேட்டேன்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். வழக்கம் போலத் தடுமாறித் தடுமாறித்தான் சொன்னான். நடுவில் பழனாத்தாள் சேர்ந்துகொண்டாள். நாலு மணிக்கு வருகிறவள் பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வருவாள் என்று இன்னொருத்தி கேட்டாள். ஒருவர் சொல்வதை மற்றவர் வெட்டி, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்தது. கால்வாசி தப்பு. திருத்த வேண்டும் என்று நாக்கு துடித்தது.

இருபது நிமிஷம். ஒரு வார்த்தை பேசாமல் நின்று முழுவதையும் கேட்டேன். இந்த மூன்று மாதத்தில் சுவர் இடித்தது, டிரம் தூக்கியது, கை வெந்தது எல்லாம் சேர்ந்தும் எனக்கு இவ்வளவு அலுப்பைக் கொடுக்கவில்லை.

நாளைக் காலையும் கேட்க வேண்டும்.